அந்த ஒன்பது நாள் யாருடையது

1

போன கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒஸ்லோவில் பனி முழங்கால்வரை கிடந்தது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, ஈரக் காலுறையோடு வகுப்பறைக்குள் போனோம். ஆறு கணினிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்கென்று புதிதாக ஒரு புரோகிராம் வந்திருக்கிறதாம். பெரிய எழுத்துகள், பிழைவிட்டால் ஒரு விசையைத் தட்டி அழிக்கலாம், அவ்வளவுதான்.

வகுப்பாசிரியை நல்ல மனுசி. எனக்கென்று தனியாக வந்து விளக்கினார். "இது எவ்வளவு சுலபம் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற வறிய நாடுகளின் பள்ளிக்கூடங்களுக்கும் இப்படி ஒன்று அனுப்பினால் எவ்வளவு நல்லது" என்றார்.

நான் சிரித்தேன். விசைப்பலகையைத் தொட்டுப் பார்க்கக் கை போயிற்று. பக்கத்தில் நின்ற மகள் என் கையைப் பிடித்து, நோர்வே மொழியில் சொன்னாள்: "அம்மா, தொடாதே. உனக்கு இது தெரியாது."

அவளுக்குப் பத்து வயது. தமிழில் கேட்டால் நோர்வே மொழியில்தான் பதில் சொல்வாள். அவளில் பிழையில்லை. நான் அவளுக்கு எதையும் சொன்னதில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கப்போகும் உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். குளிரைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுத இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதைக் கோபத்தில் எழுதுகிறேன். ஏழு வருடக் கோபம்.

2

உடுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு ரீச்சர். எண்பத்தாறாம் ஆண்டு, லண்டனில் இருந்த பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கணினியைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். இப்போது உள்ளவை போன்றதல்ல. பார்க்கத் தட்டச்சுப் பொறியின் கீழ்ப்பாதி மாதிரி இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்த வேண்டும். எழுதியதைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கும் சாதாரணக் கசட்தான். அதற்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும்.

எனக்கு அப்போது நாலாம் வகுப்பும் இருந்தது. கலா என்று ஒரு பிள்ளை. வாய் ஓயாமல் கதைப்பாள். கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் போகாது. ஏனென்று பார்த்தேன். பிழைவிட்டால் எச்சில் தொட்டு அழிப்பாள், கொப்பி ஓட்டையாகும், அதற்கு அடி விழும். பிறகு எழுதவே பயம். திரையில் எழுதினால் பிழையின் தடமே இருக்காதே என்று நினைத்தேன். அப்படித்தான் தொடங்கியது.

கட்டக் கொப்பியில் ஒவ்வொரு எழுத்தையும் சதுரங்களாகப் பிரித்து வரைந்தேன். எட்டுச் சதுரத்துக்குள் 'ண' அடங்கவில்லை. அதற்கு இரண்டு பெட்டி கொடுத்தேன். பெரிய தலையிடி 'கொ' போன்ற எழுத்துகளில் வந்தது. தட்டச்சில் கொம்பை முதலில் அடித்து, பிறகு 'க', பிறகு அரவு, அதாவது துணைக்கால், அடிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது. பிள்ளையின் வாயில் 'க' முதல் வருகிறது, 'ஒ' பிறகு வருகிறது. அந்த ஒழுங்கிலேயே இரண்டு விசையைத் தட்டட்டும், கொம்பை முன்னுக்கும் அரவைப் பின்னுக்கும் புரோகிராம் தானே கொண்டுபோய் வைக்கட்டும் என்று முடிவெடுத்தேன். அது சரிவர இரண்டு மாதம் எடுத்தது. முதன்முதல் திரையில் 'கொக்கு' வந்தபோது பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று கைதட்டினார்கள். வருட முடிவில் கலா தங்கள் வீட்டு ஆட்டைப் பற்றி நாற்பது வரி எழுதினாள்.

அதிபர் அந்தக் கணினியின் ஒரு விசையைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் வெளியிலிருந்து யாராவது வந்தால் அதன் பக்கத்தில் போய் நிற்பார். "எங்கடை திட்டம்" என்பார். படமெடுப்பார்கள். நான் படத்துக்கு வெளியே நின்று மின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

லண்டன்காரர் ஒருமுறை கடிதம் போட்டார். வேறு வறிய நாடுகளின் பள்ளிக்கூடங்களுக்கும் இப்படிச் செய்ய விரும்புகிறவர்கள் அங்கே இருக்கிறார்களாம், இது எப்படி வேலை செய்கிறதென்று எழுதி அனுப்பச் சொன்னார். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் தட்டச்சில் அடித்தேன். முன்பக்கத்தில் என் பெயர் இருந்தது: தவமணி. ஒரு பிரதியை லண்டனுக்கு அனுப்பினேன். மற்றது அதிபரின் அலுமாரிக்குள் போயிற்று.

3

எண்பத்தெட்டின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை சுற்றிவளைப்பு நடந்தது. படையினர் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார்கள். கணினி இருந்த அறையில் இருபத்தாறு கசட்டுகள் கிடந்தன, பிள்ளைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதி ஒட்டியிருந்தது. ரவி, கண்ணன், சிவா, கலா.

ஒருவன் ஒரு கசட்டை எடுத்து ரேடியோவில் போட்டான். கணினிக் கசட்டைப் பாட்டுப் பெட்டியில் போட்டால் எப்படிக் கேட்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரே கிரீச். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்ததைப் போட்டார்கள். அதுவும் கிரீச்.

தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான். "யார் இந்த ரவி? யார் இந்தக் கண்ணன்? என்ன தகவல் இது?"

"நாலாம் வகுப்புப் பிள்ளையள். அவையின்ரை கட்டுரை" என்றேன்.

அவன் சிரித்தான். அவர்களில் பெரியவன் அதிபரைக் கூப்பிட்டு, இந்தச் சாமான் யாருடையது என்று கேட்பித்தான். அதிபரின் வேட்டி நடுங்கியது. எனக்கு இப்போதும் தெரிகிறது. அவர் வலது கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"இது தவமணி ரீச்சரின்ரை. அவ இதிலை என்ன செய்யிறா எண்டு எனக்குத் தெரியாது. நான் இதைத் தொடுறதேயில்லை."

கடைசி வசனம் உண்மை.

என்னை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அங்கே நடந்த எல்லாவற்றையும் எழுத மாட்டேன். ஒன்றை எழுதுகிறேன். தினமும் ஒரு கசட்டைப் போட்டு, அந்தக் கிரீச்சைக் கேட்டு, அது என்ன சொல்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். கலாவின் கசட் வந்த நாள் நான் ஆட்டைப் பற்றிச் சொன்னேன். ஆட்டின் நிறத்தைச் சொன்னேன், அது தின்னும் குழையைச் சொன்னேன். அன்றைக்குத்தான் கூட அடி.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். என் கணவர் அதற்கு மூன்று வருடம் முன்பே நோர்வேக்கு வந்துவிட்டார். மகள் என் தங்கையின் இடுப்பில் இருந்தாள், மூன்று வயது. நான் கையை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பித் தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். அவள் மறுபடி என்னிடம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

கணினியை அடித்து நொறுக்கிவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடச் சொத்தை அனுமதியில்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினேன் என்று அதிபர் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். என் வேலை போயிற்று. அடுத்த வருடம் மகளோடு இங்கே வந்து சேர்ந்தேன்.

4

வந்த கிழமை ஒரு படிவம் தந்தார்கள். அதில் 'கிஃப்ட்' என்று ஒரு கேள்வி இருந்தது. அன்பளிப்பு ஏதும் கொண்டுவந்தாயா என்று கேட்கிறார்கள் என நினைத்து, இல்லை என்று எழுதினேன். இந்த மொழியில் அந்தச் சொல்லுக்குக் கல்யாணம் ஆனவர் என்று அர்த்தம். விஷம் என்றும் அர்த்தம் உண்டு. பக்கத்தில் புருசனை வைத்துக்கொண்டு கல்யாணம் ஆகாதவள் என்று பதிந்துவிட்டு, அதைத் திருத்த ஏழு மாதம் அலைந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் மொழியைப் பிடிவாதமாகப் படித்தேன். பகலில் ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவினேன், பின்னேரம் வகுப்புக்குப் போனேன். மூன்று வருடத்தில் மொழிபெயர்ப்பாளர் பரீட்சை பாஸ்பண்ணினேன். அகதிக் கோரிக்கை விசாரணைகளுக்கு என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

அந்த வேலையில் இரண்டு விதிகள் முக்கியம். வந்தவர் சொல்வதை அவராகவே நின்று சொல்ல வேண்டும். "அவரை அடித்தார்களாம்" என்று சொல்லக்கூடாது. "என்னை அடித்தார்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அறையில் பேசப்படும் எதையும் விடக்கூடாது, எதையும் கூட்டக்கூடாது. இதைத் தவிர, தொடங்குமுன் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும்: கோரிக்கையாளரை எனக்கு முன்பின் தெரியாது.

5

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் அந்தத் தாளை என்முன் வைத்தார்கள். கோரிக்கையாளரின் பெயரைப் பார்த்தேன். அதிபருடைய பெயர். பிறந்த இடமும் சரி, வயதும் சரி.

தெரியும் என்று சொல்லியிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பி வேறொருவரைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். அந்த நேரம் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்முன் கெஞ்சிக்கொண்டு இருப்பதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

அவர் உள்ளே வந்தார். யாரோ கொடுத்த பெரிய ஜாக்கெட், தோள் இரண்டும் தொங்கியது. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் "ரீச்..." என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்று எனக்குச் சற்று நேரத்தில் விளங்கியது.

அதிகாரி ஓர் இளம்பெண். அமைதியாகக் கேட்டார். அதிபர் சொல்லத் தொடங்கினார்.

"நான் பிள்ளையளுக்குத் தமிழ் எழுத ஒரு கொம்பியூட்டர் புரோகிராம் செய்தனான். அந்தக் கசட்டுகளைப் பிடிச்சுக்கொண்டு படையினர் என்னை ஒம்பது நாள் அடைச்சு வைச்சவங்கள்."

எனக்குக் காது அடைத்தது. ஆனால் வாய் பழகிய வாய். "நான் பிள்ளைகளுக்கு ஒரு புரோகிராம் செய்தேன்" என்று நோர்வே மொழியில் சொன்னேன். "என்னை ஒன்பது நாள் அடைத்து வைத்தார்கள்" என்றேன். என் ஒன்பது நாளை அவருக்காக நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிரீச் சத்தத்தைச் சொன்னார். ஆட்டுக் கதையையும் சொன்னார். அது ஊர் முழுக்கத் தெரிந்த கதையாகியிருக்க வேண்டும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டை வந்தாப்பிறகு என்ரை பிள்ளை என்னட்டை வரேல்லை."

அதையும் சொன்னேன். குரல் உடைந்தது. அதிகாரி தண்ணீர் வார்த்து முதலில் அவருக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு.

பிறகு கோப்பிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். நான் அடித்த எட்டுப் பக்கம். இப்போது ஏழு பக்கம்தான் இருந்தது. என் பெயர் இருந்த முன்பக்கம் இல்லை.

"இதை நீங்கள்தான் எழுதினீர்களா?"

"ஓம்."

"நாலாம் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 'கொ' என்று எழுத, பிள்ளை எந்த விசையை முதலில் தட்ட வேண்டும்?"

நான் தமிழில் கேட்டேன். அவர் உடனே சொன்னார்: "முதல் கொம்பு. பிறகு 'க'. பிறகு அரவு."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் முன்னால் என் ஆங்கிலம் இருந்தது. இடப்பக்கக் குறியை முதலில் தட்டும்படி பிள்ளையை ஒருபோதும் கேட்கக்கூடாது என்று கீழ்க்கோடிட்டு எழுதியிருந்தேன். அதிபர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டார். நானும் மெதுவாகக் கேட்டேன். அவர் அதையே திருப்பிச் சொன்னார். அதிகாரி ஏதோ எழுதினார். அந்தப் பேனாவின் ஓட்டம் அதிபருக்குப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உமக்குத் தெரியுமெல்லே ரீச்சர். நீரே சொல்லிவிடுமன்."

அறையில் பேசப்படும் எதையும் விடக்கூடாது. நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "உமக்குத் தெரியும்தானே ஆசிரியையே, நீரே சொல்லிவிடும்."

பேனா நின்றது. "நீங்கள் இருவரும் அறிமுகமானவர்களா?"

கேள்வி எனக்கும்தான். என் கையெழுத்து அந்த மேசையில் கிடந்தது. ஆனால் நான் அதை அவருக்கு மொழிபெயர்த்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியுமோ எண்டு கேக்கிறா."

அவர் என்னைப் பார்த்தார். தெரியும் என்றால் கதை முழுக்க உடையும். தெரியாது என்றால் நான் தப்புவேன். அவருக்கு என்னைத் தப்பவைக்கும் எண்ணம் இருக்கவில்லை. தன்னைத்தான் பார்த்தார்.

"இல்லை. இவவை எனக்குத் தெரியாது. ரீச்சர் எண்டு எல்லாரையும் கூப்பிட்டுப் பழகிப்போச்சு."

நான் அதிகாரியிடம் சொன்னேன்: "இல்லை. இவரை எனக்குத் தெரியாது."

என்னைப் பற்றி, என் வாயாலேயே.

6

வெளியே ட்ராம் தரிப்பிடத்தில் எனக்காக நின்றார். மழையும் பனியும் கலந்து கொட்டியது.

"ரீச்சர், ஒரு சொல்லு மாத்திச் சொல்லியிருக்கலாமே. கொம்பு பிறகு எண்டு ஒரு சொல்லு. அவைக்கு எங்கை தமிழ் விளங்கப்போகுது?"

"நான் என்ரை பாட்டிலை ஒண்டும் சொல்லக்கூடாது, சேர். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான்."

"என்ரை வீடு குண்டுபட்டுப் போச்சு. மனிசியும் ரெண்டு பெட்டையளும் கொழும்பிலை ஒரு லொட்ஜ் அறைக்குள்ளை கிடக்குதுகள். பொலிஸ் பதிவு, செக்கிங்... உமக்குத் தெரியாததே?"

"அதைச் சொல்லியிருக்கலாமே. ஏன் என்ரை கதையைச் சொன்னனீங்கள்?"

"எல்லாரும் வீடு போச்சு எண்டுதான் சொல்லுகினம். தாற கேஸ் வேறையா இருக்க வேணும் எண்டு கூட்டிவந்தவன் சொன்னவன்."

"என்னட்டை வராமல் போன பிள்ளையைப் பற்றியும் சொன்னியள். அது ஆற்றை பிள்ளை சேர்?"

அவர் தலையைக் குனிந்தார். "அண்டைக்கு நான் உம்மைக் காட்டாட்டில் பள்ளிக்கூடத்தையே கொளுத்தியிருப்பாங்கள். ஒராளோடை போகட்டும் எண்டு நினைச்சன்" என்றார்.

"அந்த ஒராள் நீங்களாயும் இருந்திருக்கலாம். படம் எடுக்கேக்கை நீங்கள்தானே பக்கத்திலை நிண்டனீங்கள்."

ட்ராம் வந்தது. நான் ஏறினேன். அவர் கையில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டு, "ரீச்சர், ஸ்டேசனுக்கு எது போகும்?" என்று கேட்டார்.

நான் ஏறிய ட்ராம்தான் போகும். நான் பதில் சொல்லவில்லை. கதவு மூடியது.

7

நாலு மாதத்தில் அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கோவிலில் யாரோ கதைத்ததைக் கேட்டேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன், மீன் பொரித்தேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நன்றாகச் சாப்பிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

போன வருடம் இலை உதிரும் காலத்தில் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பொறுப்பான அம்மா மேசையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு இருந்தார். மேன்முறையீட்டில் அதிபர் தன் கையால் எழுதிக் கொடுத்த கடிதம். நாலு பக்கம், தமிழில். கூடவே நோர்வே மொழிபெயர்ப்பும் இருந்தது. நான் தமிழைத்தான் வாசித்தேன். அதிபருடைய கையெழுத்து எப்போதும் அழகு.

முதல் விசாரணையில் தான் சொன்னது தன் கதையல்ல என்று எழுதியிருந்தார். "பிள்ளைகளுக்கான அந்தப் புரோகிராமை ஆக்கியவர் என் பாடசாலையில் கற்பித்த தவமணி ஆசிரியை. ஒன்பது நாள் தடுத்து வைக்கப்பட்டவரும் அவரே. அன்று மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் அவரே." தன்னுடைய வீடு, கொழும்பில் இருக்கும் குடும்பம், எல்லாவற்றையும் பிறகு உள்ளபடி எழுதியிருந்தார்.

"இது உண்மையா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"உண்மை."

"தெரியாது என்று கையெழுத்து வைத்தீர்களே."

"வைத்தேன்."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, தனக்கு வருத்தம்தான், ஆனாலும் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். எடுக்கத்தான் வேண்டும். நான் வாதாடவில்லை.

"இதில் ஒரு பிரதி எனக்குத் தருவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். "உங்கள் வேலையைப் பறிக்கிற கடிதம் இது."

"ஓம். அதுதான் வேண்டும்."

மற்றவர் விஷயம் தர முடியாதென்று, என்னைப் பற்றிய வரிகளைத் தவிர மிச்சத்தைக் கறுப்பு மையால் மறைத்து, ஒரு பக்கப் பிரதி தந்தார். வீட்டில் என் துணி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் மகளுக்குக் காட்டவில்லை. காட்டினால் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அவருக்குத் திரும்ப விசாரணை வைத்து, தற்காலிகமாக இருக்க விட்டுவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். கோவிலில் என்னைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். நான் மறுபடி ஆஸ்பத்திரிக் குசினியில் இருக்கிறேன். அவருடைய குடும்பம் அந்த லொட்ஜில் ஒன்றரை வருடம் கூடுதலாகக் கிடந்ததற்கு நானும் காரணம். அந்தப் பெண்பிள்ளைகளை நினைத்தால் மனம் கொஞ்சம் இடறும். அவரை நினைத்தால் இடறாது. அந்தத் தாளை இன்னொரு தடவை என்முன் வைத்தாலும் கையெழுத்து வைப்பேன்.

ஆனால் மறைக்கப்படாத அந்த நாலு பக்கத்தையும் நான் அந்த மேசையில் இரண்டு தடவை வாசித்தேன். புரோகிராம் என்னுடையது என்று எழுதியிருந்தார். ஒன்பது நாளும் என்னுடையது என்று எழுதியிருந்தார். படையினர் கேட்டபோது வலது கையைத் தூக்கி என்னைக் காட்டியது யார் என்று ஒரு வரியும் இருக்கவில்லை. கடிதத்தை வாசித்தால், யாரோ எங்கிருந்தோ வந்து என்னைக் கொண்டுபோனது போலத்தான் இருக்கும்.

அந்த வரியை அவர் எழுத மாட்டார். அதனால் நான் எழுதி ஊருக்கு அனுப்புகிறேன். அவருடைய பெயரை நான் போடவில்லை. அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அதிபர்தான் இருந்தார்.